மொய் நோட்டுக்குள் ஓர் ஊர்

ஆடி மாதத்தில் தமிழ்நாட்டின் பெரும்பாலான திருமண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். முகூர்த்தம் இல்லாததால் சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர் எல்லாரும் ஆவணிக்காகக் காத்திருப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமும், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி பக்கமும் மட்டும் நிலைமை வேறு. அங்கே ஆடியில்தான் மண்டபம் கிடைக்காது. உள்ளே பந்தி பந்தியாகக் கறி விருந்து நடக்கும். வெளியே வரிசையாக மேசைகள் போட்டிருக்கும். ஒவ்வொரு மேசைக்கும் ஒருவருடைய பெயர் எழுதிய அட்டை, ஒரு நோட்டு, எழுத ஒரு ஆள், பணம் வாங்கி எண்ண ஒரு ஆள். மணமக்கள் இல்லை, காது குத்தப்போகும் குழந்தையும் இல்லை. வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, தங்களுக்கு வேண்டியவர்களின் மேசைகளைத் தேடிப் போய்ப் பணம் எழுதிவிட்டுக் கிளம்புவார்கள்.

இதுதான் மொய் விருந்து. தமிழ்நாடு முழுக்கக் கல்யாணத்தோடும் காதுகுத்தோடும் ஒட்டியிருக்கும் மொய், இந்த வட்டாரத்தில் சடங்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாகவே நடக்கிறது. சிறுநகரத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஒரு வீட்டு நல்ல நாள் எப்படி ஊர்ப் பொது நாளாகிறது என்று புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேளத்தையும் பந்தலையும் கடந்து அந்த மேசைக்கு வர வேண்டும். அங்கே விரித்திருக்கும் நோட்டில்தான் ஊரின் உறவுகள் பெயரும் தொகையுமாக இறங்குகின்றன. வீட்டு விசேஷங்கள் நோட்டில் கணக்கை உண்டாக்குகின்றன. போகப் போக அந்தக் கணக்கே அடுத்த விசேஷம் எப்போது, எப்படி, எவ்வளவு பெரிதாக என்று முடிவு செய்யத் தொடங்குகிறது.

மொய் எழுதுவது சாதாரண வேலை இல்லை. எழுதுகிறவருக்குச் சுற்றுப்பட்டு ஊர்கள் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஊர், தெரு, தகப்பனார் பெயர், வீட்டுப் பெயர், தொழில் என்று சேர்த்து எழுதினால்தான் பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு ஆள் அடையாளம் தெரியும். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். பல வீடுகளில் முதல் வரி தாய்மாமனுக்கு. அதன்பிறகு பங்காளி, சம்பந்தி, அக்கம்பக்கம், கடைக்காரர், கூட வேலை பார்க்கிறவர் என்று வரிசை நீள்கிறது. தொகை பெரும்பாலும் ஒன்றில் முடியும்: 101, 201, 501, 1,001. கடைகளில் விற்கும் மொய்க் கவர்களில் அந்த ஒரு ரூபாய்க் காசை முன்கூட்டியே ஒட்டி வைத்திருப்பார்கள்.

விசேஷம் முடிந்த அன்று இரவு வீட்டுப் பெரியவர்கள் நோட்டும் பணமுமாக உட்காருவார்கள். தொகை சரிபார்ப்பது ஒரு வேலை. அதைவிடப் பெரிய வேலை, வராதவர் யார் என்று பார்ப்பது. பழைய நோட்டை எடுத்து, தாங்கள் செய்த இடங்களில் யாரெல்லாம் திரும்பச் செய்யவில்லை என்று தேடுவார்கள். வராதவருக்கு உடம்பு சரியில்லையா, ஊரில் இல்லையா, மனத்தாங்கலா என்ற விசாரணை மறுநாளே தொடங்கும். விடுபட்ட மொய்யைச் சில நாள் கழித்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பவர்கள் உண்டு. கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு.

பத்திரம், வட்டி, தவணை, ஜாமீன் எதுவும் இல்லாமல் லட்சக்கணக்கான ரூபாய் இப்படிக் கை மாறுகிறது. திருப்பித் தராவிட்டால் வழக்குப் போட முடியாது. ஆனாலும் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. கொடுத்தபோது பந்தலில் கூடியிருந்த கூட்டம்தான் சாட்சி. மொய் செய்யாதவர் வீட்டு விசேஷத்துக்குக் கூட்டம் சேராது, அந்த வீட்டுக்குப் பெண் கேட்கவும் தயங்குவார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற கட்டுரையில், அன்பளிப்பு என்று தோன்றுவதற்குள் மூன்று கட்டாயங்கள் இருக்கின்றன என்றார்: கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பித் தந்தாக வேண்டும். அவர் பசிபிக் தீவுகளிலிருந்தும் வட அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்தும் சான்று தேடினார். மதுரைப் பக்கத்து உசிலம்பட்டிக்கு வந்திருந்தால் அந்த மூன்றையும் ஒரே நோட்டில் பார்த்திருப்பார்.

உசிலம்பட்டிப் பக்கம் அவருடைய மாணவர் ஒருவர் உண்மையிலேயே வந்தார். லூயி துய்மோன் 1940களின் இறுதியில் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்தார். 1957இல் பிரெஞ்சில் வந்த அவருடைய நூல், தென்னிந்திய உறவுமுறை பற்றிய ஆய்வுகளில் இன்றும் அடிப்படையான ஒன்று. திருமணம் என்பது ஒருநாள் சடங்கோடு முடிவதில்லை, பெண் கொடுத்த வீட்டுக்கும் எடுத்த வீட்டுக்கும் இடையே தலைமுறை தாண்டி ஓடும் கொடுக்கல் வாங்கல் அது என்பதை அவர் விரிவாகக் காட்டினார். அந்த ஓட்டத்தின் நடுநாயகம் தாய்மாமன்.

தாய்மாமன் செய்வதை ஊரார் மொய் என்று சொல்வதில்லை. அது சீர், அல்லது செய்முறை. குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துவது மாமன் மடியில். பெண் வயதுக்கு வந்தால் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டியவர் மாமன். கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பதும் மாமன். தட்டுத் தட்டாகப் பழம், பட்டு, வெள்ளிப் பாத்திரம், தங்கச் சங்கிலி, சில ஊர்களில் மாலை போட்ட கிடாய்கள் என்று மேளதாளத்தோடு தெருவை அடைத்துக்கொண்டு வரும் ஊர்வலத்தில் மாமனுடைய கௌரவமும் கடனும் சேர்ந்தே வருகின்றன. பாரதிராஜாவின் ‘கிழக்குச் சீமையிலே’ (1993) மதுரைப் பகுதியின் அண்ணன் தங்கை பாசத்தை மையமாக வைத்து எடுக்கப்பட்டு, சீர் என்பதைத் தமிழ்நாடு முழுவதும் கண்ணீரோடு பார்க்க வைத்தது.

அந்தக் கண்ணீருக்குப் பின்னால் நிலம் இருக்கிறது. பிறந்த வீட்டு நிலம் மகனுக்குப் போகும், மகள் நகையோடும் பாத்திரத்தோடும் புறப்படுவாள் என்பதே நெடுங்கால வழக்கம். நிலத்தை வைத்துக்கொண்ட சகோதரன், சகோதரியின் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் செய்யும் சீர், அவள் பெறாத பங்கின் ஒரு சிறு பகுதி தவணையாகத் திரும்புவது என்று சொல்லலாம். 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. 2005இல் நாடு முழுமைக்குமான திருத்தம் வந்தது. சட்டம் வந்தும் பல பெண்கள் பங்கு கேட்பதில்லை. கேட்டால் சீர் நின்றுவிடும், அண்ணன் வாசல் அடைபட்டுவிடும், பிள்ளைக்குக் காது குத்த மடி இருக்காது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சீர்த்தட்டுகளை எண்ணித் திருப்திப்பட்டுக்கொள்ளும் சகோதரிகள் எல்லாச் சிறுநகரங்களிலும் இருக்கிறார்கள். சீர் எவ்வளவு அழகான உறவாக இருந்தாலும், ஓர் ஏக்கர் நிலத்துக்கு அது ஈடாகாது.

செய்முறையை மாமன் தீர்மானிக்கிறார் என்றால், நாளைத் தீர்மானிப்பது நோட்டு. காது குத்துவது ஒரு வயதில், மூன்று வயதில் என்று சாத்திரம் சொல்லும். குலதெய்வக் கோயிலில் அது அந்த வயதிலேயே அமைதியாக முடிந்திருக்கும். மண்டபத்தில் நடக்கும் ‘காதணி விழா’வில் மேடையில் உட்கார்ந்திருப்பது ஏழாம் வகுப்புப் படிக்கும் பையனாக இருக்கலாம். அக்காவின் பூப்புனித நீராட்டும் தம்பியின் காதணியும் ஒரே அழைப்பிதழில் வருவதும் சகஜம். வயதுக்கு வந்த அன்று ஊற்றிய தண்ணீர் ஊற்றியதுதான், விழா மட்டும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து நடக்கும். பத்துப் பதினைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் செய்துவிட்டு, தன் வீட்டில் ஒரு விசேஷமும் இல்லாமல் இருப்பவருக்கு வெளியே நிற்கும் பணம் லட்சங்களில் இருக்கும். அதை எடுக்க ஒரு நாள் வேண்டும். பேரனுக்குக் காதணி, புதுமனை புகுவிழா, எதுவும் கிடைக்காவிட்டால் வெறுமனே ‘இல்ல விழா’ என்று அழைப்பிதழ் அடிப்பார்கள். ஆவணியில் நெருக்கடி, தையில் பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டுக் கல்யாணம், பங்குனியில் பிள்ளைகளுக்குத் தேர்வு என்று பார்த்துப் பார்த்து நாள் குறிப்பார்கள். பஞ்சாங்கம் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கண்டித்தே சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் படத்தை ஆளுயரப் பேனரில் அச்சடித்து, அவள் பூப்படைந்த செய்தியைப் பேருந்து நிலையத்தில் கட்டுவது அவளைக் கேட்டுச் செய்யும் காரியம் இல்லை. மறுநாள் அதே பேருந்து நிலையத்தைக் கடந்துதான் அவள் பள்ளிக்குப் போக வேண்டும். பாட்டி காலத்தில் நாலு வீட்டுப் பெண்களுக்குள் நலங்கோடும் உளுந்தங்களியோடும் முடிந்த சடங்கு, மொய் மேசைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டதால் மண்டபத்துக்கும் பேனருக்கும் வந்து சேர்ந்தது. பணம் புரள வேண்டிய கட்டாயத்துக்கு ஒரு சிறுமியின் கூச்சத்தை விலையாகக் கொடுக்கிறார்கள்.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் அறிவு புரியும். சாக்குத் தேட வேண்டாம், குழந்தையை மேடையேற்ற வேண்டாம். பிள்ளையில்லாத தம்பதி, மகள்களைக் கட்டிக் கொடுத்து முடித்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர் என யாரும் விருந்து வைத்து, தாங்கள் கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாம். ஒருவர் ஒருமுறை நடத்தினால் அடுத்த முறைக்கு ஏறக்குறைய ஐந்து வருஷம் பொறுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். பத்துப் பதினைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரே நாளில், ஒரே பந்தலில் நடத்துவதால் ஆடு, அரிசி, மண்டப வாடகை எல்லாம் பங்கிடப்படும். நேரமும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆடியில் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்பாரில்லை, ஆடிப்பட்டத்துக்கு விதையும் உரமும் வாங்க வேண்டும், பள்ளி கல்லூரிக் கட்டணம் கழுத்தை நெரிக்கிறது.

கணக்கும் எளிமையானது. ஒருவருடைய விருந்தில் நாம் ஆயிரம் ரூபாய் எழுதியிருந்தால், நமது முறை வரும்போது அவர் இரண்டாயிரம் எழுதுவார். அதில் ஆயிரம் பழைய கடன் தீர்ந்த கணக்கு. மீதி ஆயிரம் புது மொய், இனி நாம் திருப்பித் தர வேண்டியது. வாங்கியதை மட்டும் சரியாகத் திருப்பிக் கொடுத்தால் கணக்கை முடித்துக்கொள்ள விரும்புகிறார் என்று அர்த்தம். அதனால் நெருங்கியவர்கள் கணக்கை ஒருபோதும் நேர் செய்யமாட்டார்கள். கொஞ்சம் பாக்கி நிற்க வேண்டும். அந்தப் பாக்கிதான் உறவு.

இந்த வட்டாரத்துக்கு இது ஏன் பொருந்திப் போனது என்பதற்கு மண்ணிலும் காரணம் இருக்கிறது. பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடை. கீரமங்கலம், வடகாடு பகுதி முழுக்க ஆழ்துளைக் கிணற்று விவசாயம். பூ, வாழை, தென்னை, பலா, காய்கறி எல்லாம் நன்றாக விளையும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் முதலீடு ஒரே தடவையில் மொத்தமாக வேண்டும். நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் போர் போடவும் மோட்டார் இறக்கவும் தினசரிப் பூ விற்ற காசு போதாது. வங்கிக்குப் போனால் பத்திரம், கந்து வட்டிக்காரரிடம் போனால் மீட்டர் வட்டி. மொய்யில் சிறுகச் சிறுகப் பல வருஷம் போட்டதை ஒரே நாளில் மொத்தமாக எடுக்கலாம். சீட்டு கட்டினால் மாதாமாதம் பணம் கேட்கும். மொய் அப்படி நெருக்காது, மற்றவர் வீட்டு நாள் வரும்வரை காத்திருக்கும்.

ஆதியில் நோக்கம் இன்னும் தெளிவாக இருந்திருக்க வேண்டும். விஜயகாந்தும் சுகன்யாவும் நடித்த ‘சின்னக் கவுண்டர்’ (1992) படத்தில் கடனில் மூழ்கிய பெண் ஊருக்கு விருந்து வைக்கிறாள், சாப்பிட்டவர்கள் இலைக்கு அடியில் பணம் வைத்துவிட்டுப் போகிறார்கள். யார் எவ்வளவு வைத்தார் என்று தெரியாது, திருப்பிக் கேட்கவும் முடியாது. நொடித்துப்போன வீட்டைத் தூக்கி நிறுத்தும் அந்த ஏற்பாட்டின் நினைவு இன்னும் போகவில்லை. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்து அறிவித்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு இலையருகே இயன்றதை வைத்தார்கள். கேரளத்துக்கு அனுப்ப லட்சக்கணக்கில் பணம் சேர்ந்தது. மொய் என்ற சொல்லைக் கேட்டதும் எந்த விளக்கமும் இல்லாமல் மக்கள் புரிந்துகொண்டார்கள்.

மேசையும் நோட்டும் வந்த இடத்தில் தொகைகள் வேறு உயரத்துக்குப் போய்விட்டன. 2019 ஜூலையில் வடகாட்டில் நடந்த ஒரு விருந்தில் நான்கு கோடி ரூபாய் அளவுக்கு மொய் சேர்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பணம் எண்ண இயந்திரங்கள் இருந்தன, துப்பாக்கி ஏந்திய காவலாளிகளும் இருந்தார்கள். 2022 ஆகஸ்டில் பேராவூரணி சட்டமன்ற உறுப்பினர், பேரப்பிள்ளைகளின் காதணியோடு நடத்திய விருந்தில் பத்துக் கோடி வரை சேர்ந்ததாகச் செய்தி வந்தது. பெரிய ஆளுக்குப் பெரிய வட்டம், பெரிய வட்டத்துக்குப் பெரிய வசூல். பதவியில் இருப்பவருக்கு எழுதும் மொய்யில் எவ்வளவு பழைய கணக்கு, எவ்வளவு எதிர்காலத்தில் ஆக வேண்டிய காரியம் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். கூலி வேலை செய்பவர் நடத்தும் விருந்துக்கு அவரைப் போன்றவர்கள்தான் வருவார்கள். அவர் தொடர்ந்து பெரிய வீடுகளுக்கும் எழுதிக்கொண்டிருப்பார்.

சட்டம் இந்தப் பணத்தை அரைகுறையாகத்தான் பார்த்திருக்கிறது. வருமான வரிச் சட்டப்படி, நெருங்கிய உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் அது வருமானமாகக் கணக்கிடப்படும். ஒருவருடைய சொந்தத் திருமணத்தில் வருவதற்கு விலக்கு உண்டு. காதணி, பூப்புனித நீராட்டு, புதுமனை, மொய் விருந்து எதற்கும் அந்த விலக்கு இல்லை. 2017 ஏப்ரல் முதல் ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கவும் தடை இருக்கிறது. மொய்யை அன்பளிப்பு என்று பார்ப்பதா, தான் முன்பு கொடுத்த கைமாற்று திரும்பி வருவது என்று பார்ப்பதா என்ற கேள்விக்குப் பதில் தெளிவானால், பல விவசாயிகளின் அச்சம் தீரும். நோட்டில் பெயரும் ஊரும் தேதியும் தொகையும் இருக்கும்போது, திரும்பி வந்த முதலை வருமானம் என்பது நியாயமாகாது.

மொய்யின் பெரிய பலவீனம் விலைவாசி. வட்டி கிடையாது என்பது கொடுக்கும்போது பெருமை, வாங்கும்போது நஷ்டம். 1990இல் எழுதிய 101 ரூபாயின் வாங்கும் சக்தி இன்று கிடைக்க ஏறக்குறைய பத்து மடங்கு பணம் வேண்டும். அதனால்தான் ஊரில் நெளிவுசுளிவு தெரிந்தவர்கள் நீண்ட நாள் கணக்கு வைப்பதில்லை. தங்கமாகச் செய்தவர் தங்கமாகவே திரும்ப எதிர்பார்ப்பார். அரைப் பவுன் மோதிரம் போட்ட சித்தப்பாவுக்கு, முப்பது வருஷம் கழித்து அவர் பேத்தி கல்யாணத்தில் அரைப் பவுன்தான் போட வேண்டும். விலை என்னவாக இருந்தாலும் எடை மாறாது. வாங்கியபோது சில ஆயிரங்களில் முடிந்தது, திருப்பும்போது ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளமாகிவிடுகிறது.

இன்னொரு பலவீனம் இன்னும் ஆழமானது. ஒரு வீடு விழுந்தால் ஊர் தூக்கிவிடும். ஊரே விழுந்தால்? நாலு வருஷத்துக்குள் மூன்று முறை அது நடந்தது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது கார்த்திகை முகூர்த்தங்கள் வாசலில் நின்றன. கல்யாண வீட்டார் வங்கியிலிருந்து இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்று பிறகு சலுகை வந்தது. மொய் எழுத வேண்டியவர்களின் கைக்கு எந்தச் சலுகையும் வரவில்லை. அந்த நாட்களில் வடதமிழகக் கிராமங்களை ஆராய்ந்த இசபெல் கெரின், கோவிந்தன் வெங்கடசுப்ரமணியன் உள்ளிட்ட குழுவினர், ரொக்கம் வற்றியபோது மக்கள் உறவு வலையை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டதையும், அந்த வலை இல்லாதவர்கள் தவித்ததையும் பதிவு செய்தார்கள்.

இரண்டாவது அடி 2018 நவம்பர் 16, கஜா புயல். பேராவூரணி, பட்டுக்கோட்டை, கீரமங்கலம் பகுதியின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. நட்ட தென்னை காய்க்க ஐந்தாறு வருஷமாகும். மொய் திரும்பும் சுற்றும் ஐந்து வருஷம். தோப்பை நம்பி மற்றவர்களுக்கு எழுத வேண்டியதைக் கணக்குப் போட்டு வைத்திருந்த வீடுகள், தேங்காயும் இல்லாமல், திருப்பித் தர வேண்டியவரும் அதே நிலையில் இருக்கக் கண்டு திணறின. மூன்றாவது 2020. ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று வரம்பு வந்தது. ஐந்து வருஷம் காத்திருந்து அந்த ஆடியில் முறை வந்தவர்களால் விருந்து நடத்த முடியவில்லை. எடுக்க வேண்டிய பணம் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்க, போர்வெல் கடனுக்கு வட்டி கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

கூலித் தொழிலாளிக்கு இந்தத் திணறல் புயல் இல்லாத வருஷத்திலும் உண்டு. ஆவணி, தை, வைகாசி முகூர்த்தத்தில் ஒரே நாளில் ஐந்தாறு அழைப்பிதழ் வரும். எதற்கும் போகாமல் இருக்க முடியாது. ‘செஞ்சவுகளுக்குச் செய்யணும்ல’ என்ற ஒரு வாக்கியத்துக்கு முன்னால் எந்தச் சிக்கனமும் நிற்காது. மகளுடைய கம்மலை அடகு வைத்து அடுத்தவர் மகளுடைய கல்யாணத்துக்கு எழுதுவார்கள். கணவரின் பெயரில் எழுதும் அந்தத் தொகைக்குக் குழுக்கடன் வாங்கி வாராவாரம் கட்டுவது பெரும்பாலும் மனைவி. நோட்டில் அவள் பெயர் இருக்காது. கணவர் இறந்துபோனால் பழைய கணக்கு மகன் பெயருக்குப் போகும், மகன் இல்லையென்றால் பலர் வசதியாக மறந்துவிடுவார்கள். சகோதரர்கள் பாகம் பிரியும்போது நிலத்தோடு மொய்க் கணக்கையும் பிரித்துக்கொள்வது உண்டு. அந்தப் பிரிவினையில் சகோதரிக்குக் கிடைப்பது எதுவும் இல்லை.

சாதியும் நோட்டில் இருக்கிறது. மொய் வட்டம் பெரும்பாலும் சொந்தச் சாதிக்குள்ளேயே சுற்றுகிறது. பிற சாதியாரின் மொய் தொழில், நட்பு, அரசியல் வழியாக வரும். தலித் குடும்பங்கள் எழுதிய மொய்யை வாங்கிக்கொண்டு, அவர்கள் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்காராமல் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. நோட்டில் அந்த வரவு சரியாக ஏறும். சாப்பிடாமல் போனது எந்தப் பக்கத்திலும் ஏறாது.

எழுதும் விதம் வேகமாக மாறுகிறது. மதுரை, உசிலம்பட்டி, தேனிப் பக்கம் மடிக்கணினியோடு மொய் எழுத வரும் நிறுவனங்கள் வந்துவிட்டன. பெயர் சொன்னதும் தட்டச்சு செய்து ரசீது கொடுக்கிறார்கள், கைப்பேசிக்கு நன்றிக் குறுஞ்செய்தி போகிறது. மறுநாள் ஊர்வாரியாக, அகரவரிசையில் அச்சடித்த புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும். 2021 ஜனவரியில் மதுரைக் குடும்பம் ஒன்று அழைப்பிதழிலேயே கியூஆர் குறியீட்டை அச்சடித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் வர முடியாவிட்டாலும் மொய் வந்துவிடுகிறது. ஆள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டதற்கு இருந்த மதிப்பு இதனால் குறையுமா என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. பணத்தைவிட வருகையைத்தான் பந்தல் கண்ணால் பார்த்தது.

இந்த மாற்றத்தில் பழைய நோட்டுகள் வேகமாகப் பழைய பேப்பர்காரரிடம் போய்க்கொண்டிருக்கின்றன. கணக்கு முடிந்த நோட்டைக் குடும்பங்கள் வைத்திருக்கக் காரணம் இல்லை. வரலாற்று ஆய்வாளருக்கு அதைவிடச் சிறந்த ஆவணம் இருக்க முடியாது. சீனாவின் வடகிழக்கில் சியாஜியா என்ற கிராமத்தில் யுன்சியாங் யான் என்ற மானிடவியலாளர், வீடுகளில் இருந்த அன்பளிப்புப் பட்டியல்களையே சான்றாகக் கொண்டு 1996இல் ஒரு முழுநூல் எழுதினார். யார் யாரோடு உறவு வைத்திருந்தார்கள், எப்போது முறித்தார்கள், கம்யூன் காலத்தில் எது மாறியது, சந்தை வந்தபின் எது மாறியது என்பதையெல்லாம் அந்தப் பட்டியல்கள் சொல்லின. கீரமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் ஒவ்வொரு தெருவிலும் அதற்கு இணையான சான்றுகள் பரண்களில் கிடக்கின்றன. 1970இல் எழுதிய ஐந்து ரூபாய், நாணயத்துக்குப் பதில் எழுதிய இரண்டு மரக்கால் நெல், துபாய் முகவரியோடு வந்த முதல் மொய், ஊரில் முதல் அரசு ஊழியர், முதல் கலப்புத் திருமணத்துக்கு வராமல் போன பங்காளிகளின் வெற்றிடம் என எல்லாம் அதில் இருக்கும்.

இந்த நோட்டுகளைக் காப்பாற்றப் பெரிய நிதி வேண்டியதில்லை. மாவட்ட மைய நூலகமோ, அருகிலுள்ள அரசு கல்லூரியின் வரலாற்றுத் துறையோ, குடும்பங்களின் சம்மதத்தோடு நோட்டுகளை ஸ்கேன் செய்து, பெயர்களை மறைத்து, ஊர்வாரியாகச் சேமித்து வைக்கலாம். மாணவர்கள் தங்கள் தாத்தாவின் நோட்டிலிருந்தே தொடங்கலாம். மடிக்கணினியில் மொய் எழுதும் நிறுவனங்களிடம் குவிந்திருக்கும் தரவுக்கும் ஒரு பாதுகாப்பு விதி தேவை. ஓர் ஊரில் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்ற முழுப் பட்டியலும் கைப்பேசி எண்ணோடு ஒரு தனியார் கணினியில் இருக்கிறது. அதை வட்டிக்கடைக்காரரோ கட்சிக்காரரோ கேட்டால் கொடுக்கக் கூடாது என்பது உறுதியாக வேண்டும்.